அந்த ஆறுதல் ஆறுதல்தானா?

“பாவம், அவனுக்கு இருக்கிற ஆறுதல் அதொன்றுதான். பீடியையும் பறிக்கவேண்டாம்.” மனநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரைப்பற்றி இப்படிச் சொல்வதை நாம் பலரும் கேட்டிருப்போம். இரக்கத்தால் வரும் வார்த்தைதான். ஆனால் இந்த இரக்கம் அவருக்கு நன்மை செய்கிறதா என்று சிந்திக்கவேண்டும்.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்குப் புகையிலை புதியதல்ல. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் அதைப் பயிரிட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் பலர். காணி இருந்தபோது விற்ற பொருளை, காணியை இழந்தபின் காசு கொடுத்து வாங்குகிறோம். வேலையில்லாத பகலும், நித்திரை வராத இரவும், காணாமற்போனவர்களின் நினைவும் ஒரு சுருட்டை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிவிடுகின்றன.

கடும் மனநோயுள்ளவர்கள் ஏனையோரைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவர்களிற் பலரைக் கொண்டுபோவது இதயநோயும் சுவாசநோயுமே. அவற்றில் புகைத்தலுக்குப் பெரும் பங்குண்டு.

புகைத்தவுடன் பதற்றம் தணிவது உண்மையே. ஆனால் இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அந்தக் குறைவே எரிச்சலையும் பதற்றத்தையும் தருகிறது. அடுத்த பீடி அதைத் தணிக்கிறது. தானே மூட்டிய நெருப்பைத் தானே அணைப்பதை நாம் ஆறுதல் என்கிறோம். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான அறிக்கை, புகைத்தலை விட்டவர்களுக்குப் பதகளிப்பும் மனச்சோர்வும் மனநெருக்கீடும் குறைந்ததைக் காட்டியது. மனநோயுள்ளவர்களிடமும் இதே பலன் காணப்பட்டது.

ஆயினும் “விட்டுவிடு” என்ற புத்திமதி மட்டும் போதாது. கூட நிற்க ஒருவர் வேண்டும். கிளினிக் தூரம், பஸ் காசு பெரிது. இங்கேதான் தொலைபேசி உதவுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1992 இல் ஆரம்பித்த சேவையில், ஆலோசகரே திரும்பத் திரும்ப அழைத்துப் பேசுவார். விட்ட மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள் என அழைப்புகள் அமைந்தன. முதல் வாரத்திலேயே பலர் சறுக்குவதால் அப்போது அழைப்புகள் நெருக்கமாக இருந்தன. வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குபவருக்கும், ஆட்கள் முன்னிலையில் பேசக் கூசுபவருக்கும் இம்முறை பொருந்தும்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஒரு விடயத்தில் கட்டாயம் அவதானமாக இருக்கவேண்டும். புகை, சில மருந்துகளை ஈரல் விரைவாகக் கரைத்துவிடச் செய்கிறது. புகைப்பதை நிறுத்தியதும் குளோசபின், ஒலன்சபின் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடும். ஆகவே, நிறுத்தும் நாளை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்லவேண்டும். குளிசையை நாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. தேநீர், கோப்பியில் உள்ள கபீனும் இவ்வாறே உடலில் கூடுதலாகத் தங்கும். நித்திரையின்மையையும் படபடப்பையும் கண்டு நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மீண்டும் பீடியை எடுப்பவர்கள் உண்டு. முதலில் தேநீரைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம். அப்படியும் தணியாவிட்டால் வைத்தியரிடம் காட்டவேண்டும். வெற்றிலையுடன் புகையிலை போடுபவர்களுக்கு மருந்தில் இந்த மாற்றம் வராது. மருந்தை மாற்றுவது புகையே, நிக்கொட்டின் அல்ல. ஆனால் வாய்ப்புற்றுநோய் ஆபத்து அவர்களுக்கும் உண்டு.

எமது நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் உதவி எண் 1948. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926. புகையிலைக்கு ஓர் எண், மனதுக்கு ஓர் எண். ஆனால் இரண்டு துன்பமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. எனவே இரு சேவைகளும் கைகோத்து நிற்கவேண்டும் என்பதே எமது கோரிக்கை. புகையிலை ஆலோசகர், “என்ன மருந்து எடுக்கிறீர்கள்?” என்று கேட்கவேண்டும். மனநல ஆலோசகர், “புகைப்பீர்களா?” என்று கேட்கவேண்டும். அழைப்பவர் தனது கதையைத் தமிழில் சொல்ல முடியவேண்டும். ஒருமுறை பேசியதோடு விடாமல் அவர்களே மீண்டும் அழைக்கவேண்டும்.

குடும்பத்தவர்களும் செய்யக்கூடியவை உள. பலரும் ஒரே கைத்தொலைபேசியைப் பாவிக்கும் வீட்டில், அழைப்பு வரும் நேரத்தில் அதை அவரிடம் கொடுத்து, மர நிழலில் தனியே பேச விடுங்கள். ஒருநாள் சறுக்கினால் ஏசாதீர்கள். பலருக்குப் பலமுறை முயன்ற பின்னரே கைகூடுகிறது. காணியும் வீடும் இழந்தவரிடம் எஞ்சியிருப்பது அவருடைய உயிரே. அதைப் புகைக்குக் கொடுப்பதை இரக்கம் என்று நாம் சொல்லலாகாது.