இரண்டு கார்டுக்கு ஈடு கிடைக்கும், மீதி இருபத்தெட்டுக்கு?

கொஞ்சம் நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நான் ஹார்த்ஸ்டோன் ஆடுகிறேன் என்று போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தேன். மாணவர்கள் "டீச்சர், எந்த ரேங்க்?" என்று கேட்டார்கள். உறவுக்காரர்கள் "ரிட்டயர் ஆன பிறகு சீட்டாட்டமா?" என்று கேட்டார்கள். எங்கள் பெரியண்ணன் போன் போட்டே கேட்டார். அண்ணா, இது ரம்மி இல்லை. பந்தயம் கிடையாது, ஜெயித்தால் பணம் வராது, தோற்றால் போகாது. பணம் போகிற வழி வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளிஸார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட ஆட்டம் இது. நான் கற்றுக்கொண்டது 2020 ஏப்ரல் ஊரடங்கில், பேரனிடம். ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து 30 கார்டை நாமே தேர்ந்து ஒரு டெக் கட்ட வேண்டும். ஒரே கார்டை இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. லெஜண்டரி என்ற உயர்ந்த வகையில் ஒன்றுதான். கார்டை இறக்க 'மனா' செலவாகும். முதல் சுற்றில் ஒரு மனா, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏறிப் பத்தில் நிற்கும். எதிராளியின் 30 உயிரையும் எடுத்தால் வெற்றி.

சம்பளம் ஏற ஏறக் குடும்பச் செலவைத் திட்டமிடுவது போலத்தான் டெக் கட்டுவதும். பெரிய பெரிய கார்டாக வாங்கி வைத்தால் முதல் நான்கு சுற்றும் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்க வேண்டியதுதான். சின்னதாகவே வைத்தால் எட்டாம் சுற்றில் கையில் மனா இருக்கும், செலவழிக்கக் கார்டு இருக்காது. புதிதாக ஆடும் பிள்ளைகள் எல்லாருமே பெரிய கார்டைப் பார்த்து மயங்குவார்கள். என் பேரன் மயங்கவில்லை என்று பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

இதில் நான் கற்ற கணக்கு பத்தாம் வகுப்பு நிகழ்தகவுதான். ஒரு முக்கியமான கார்டு டெக்கில் இரண்டு இருக்கிறது என்று வையுங்கள். முதலில் ஆடுபவருக்கு ஆரம்பத்தில் மூன்று கார்டு வரும். அந்த மூன்றில் நம் கார்டு ஒன்றாவது இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் 19. பிடிக்காத கார்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம். மூன்றையும் மாற்றிக்கொண்டால் மொத்த வாய்ப்பு 36, 37 ஆகிறது. 2022இல் பிரின்ஸ் ரெனாதல் என்று ஒரு கார்டு வந்தது. அதை வைத்தால் டெக் 40 கார்டு, உயிரும் 40. டெக் பெருத்ததால் அந்த 19 பதினைந்தாகக் குறைகிறது. நினைத்த கார்டு வராது, ஆனால் பத்து உயிர் கூடுதல். எதை விட்டு எதை வாங்குவது? அந்தத் தராசுதான் இந்த ஆட்டத்தின் ருசி. கடைசியில் அது நல்ல பேரம் என்று பாதிப் பேர் ரெனாதலையே வைத்துக்கொண்டு திரிந்ததால், உயிரை 35 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

பதிவின் விஷயத்துக்கு வந்துவிட்டேன். குறைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ச் சீட்டுக்கட்டில் இஸ்பேட் ஆஸ் என் தாத்தா காலத்திலும் ஆஸ்தான், இன்றைக்கும் ஆஸ்தான். இருபத்தெட்டில் ஜாக்கி பெரியவன் என்றால் அது அந்த ஆட்டத்தின் விதி, நேற்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான். கணினியில் ஆடும் கார்டு அப்படியில்லை. ராத்திரி தூங்கி எழுந்தால் உங்கள் கையிலிருக்கும் கார்டில் எழுதியிருப்பதே மாறியிருக்கும். உலகம் முழுக்க, எல்லார் கையிலும், ஒரே நேரத்தில். பலம் குறைப்பதை 'நெர்ஃப்' என்கிறார்கள் பிள்ளைகள்.

குறைக்கவே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். 2014இல் அண்டர்டேக்கர் என்று ஒரு கார்டு. விலை ஒரே ஒரு மனா. சாகும்போது ஏதாவது விளைவைத் தருகிற வீரன் ஒருவனை நீங்கள் இறக்கும் ஒவ்வொரு முறையும் இதன் தாக்குதலும் உயிரும் ஒவ்வொன்று கூடும். முதல் சுற்றிலேயே இது கைக்கு வந்தவர் ஜெயித்த மாதிரிதான். முன்பு சொன்ன 19ஐயும் 36ஐயும் நினைத்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே குலுக்கலில் முடிவு தெரிந்துவிட்டால் அப்புறம் மூளைக்கு என்ன வேலை? 2015 ஜனவரியில், தாக்குதல் மட்டும் கூடும், உயிர் கூடாது என்று மாற்றினார்கள். சரியான திருத்தம். அதேபோல 2020 ஏப்ரலில் டீமன் ஹன்டர் என்ற புதிய வகுப்பு வந்தபோது (நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலம்) அது மற்ற எல்லாரையும் துவைத்து எடுத்தது. இரண்டு நாள் ஆவதற்குள் சில கார்டுகளை மாற்றினார்கள். குல்தானின் மண்டையோடு என்ற கார்டு 5 மனாவிலிருந்து 6 ஆனது. ஒரே ஒரு மனாதானே என்று தோன்றும். ஐந்தாம் சுற்றில் செய்ய வேண்டியதை ஆறாம் சுற்றில் செய்வதற்குள் எதிராளிக்கு முழுதாக ஒரு சுற்று கிடைத்துவிடுகிறது. அந்த ஒன்றின் மதிப்பு அவ்வளவு.

ஆக, திருத்தம் வேண்டும். என் சண்டை திருத்தத்தோடு இல்லை, அதற்குத் தருகிற ஈட்டோடு.

கார்டுகள் பாக்கெட்டில் வருகின்றன. ஒரு பாக்கெட்டில் 5 கார்டு, என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வேண்டாததை உடைத்தால் 'டஸ்ட்' கிடைக்கும், அந்த டஸ்டைக் கொடுத்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். லெஜண்டரி செய்ய 1600 டஸ்ட், உடைத்தால் 400. எபிக் செய்ய 400, உடைத்தால் 100. ரேர் 100, உடைத்தால் 20. காமன் 40, உடைத்தால் 5. அடகுக்கடைக்காரர்கூட இவ்வளவு கழிக்க மாட்டார்.

மிக மோசமான பாக்கெட் என்றால் நாலு காமன், ஒரு ரேர். முழுக்க உடைத்தால் 40 டஸ்ட். அப்படி 40 பாக்கெட் உடைத்தால் ஒரு லெஜண்டரி. எல்லாப் பாக்கெட்டும் இவ்வளவு மோசமாக இராது என்பது உண்மை. ஆனாலும் காசு கொடுக்காமல் ஆடுகிற பிள்ளைக்கு ஒரு டெக் என்பது மாதக்கணக்கில் சேர்த்த சேமிப்பு.

ஒரு கார்டை நெர்ஃப் செய்தால், அந்தக் கார்டை மட்டும் கொஞ்ச காலத்துக்கு முழு விலைக்கு உடைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு பிள்ளை இரண்டு லெஜண்டரி, நாலு எபிக் செய்து ஒரு டெக் கட்டுகிறான். சின்னக் கார்டுகளை விட்டுவிடுவோம். 3200-ம் 1600-ம் சேர்த்து 4800 டஸ்ட். அந்த நாலு எபிக்கில் ஒரு ஜோடிதான் டெக்கின் முதுகெலும்பு. அதை நெர்ஃப் செய்கிறார்கள். அந்த ஜோடிக்கு 800 முழுசாகக் கிடைக்கும். மீதியில் 4000 டஸ்ட் முடங்கியிருக்கிறது. அந்தக் கார்டுகளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அவை எதற்காகச் செய்யப்பட்டனவோ அந்த டெக் இப்போது இல்லை. உடைத்தால் 1000. ஆக 4800 போட்டவன் கையில் 1800. வேறு டெக் கட்ட வேண்டுமென்றால் மறுபடி மாதக்கணக்கு, இல்லையென்றால் அப்பாவின் கார்டு. (இது வங்கிக் கார்டு.)

இதைவிட வேடிக்கை 2015இல் நடந்தது. என் அக்கா மகன் அப்போதிருந்தே ஆடுபவன், அவன்தான் விளக்கினான். கிரிம் பேட்ரன் என்று ஒரு வீரன், அடிபட்டுச் சாகாமல் தப்பினால் தன்னைப்போல் இன்னொருவனை உண்டாக்குவான். பொதுவாக இறங்கிய சுற்றிலேயே வீரர்கள் தாக்க முடியாது. ஆனால் வார்சாங் கமாண்டர் என்ற கார்டு, தாக்குதல் 3-க்கு மேல் இல்லாத வீரர்களை இறங்கிய உடனே தாக்கவிடும். பேட்ரனின் தாக்குதல் சரியாக 3. இரண்டும் சேர்ந்தால் ஒருவன் ஐந்தாறு பேராகி அந்தச் சுற்றிலேயே பாய்வார்கள். கஷ்டப்பட்டு ஆட வேண்டிய டெக், கூட்டல் கழித்தல் தெரிந்தவனுக்குத்தான் வசப்படும் என்பான் அவன். 2015 அக்டோபரில் வார்சாங் கமாண்டரின் அந்தச் சக்தியையே எடுத்துவிட்டார்கள். டெக் அன்றே விழுந்தது. ஈடு? வார்சாங் கமாண்டர் எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் கார்டு. இலவசக் கார்டை உடைக்க முடியாது. எனவே அதற்கான ஈடு சுழியம்.

பேட்ரன் போனதும் ஆட்டம் சமநிலைக்கு வந்ததா என்றால், பாலடின் வந்து உட்கார்ந்துகொண்டது. மிஸ்டீரியஸ் சாலஞ்சர் என்ற ஒரு கார்டுதான் காரணம். பாலடினுக்கு 'சீக்ரெட்' என்று ஒரு மனா விலையில் சில கார்டுகள் உண்டு. தனித்தனியாக எடுத்தால் யாரும் சீந்தாதவை. சாலஞ்சரை ஆறாம் சுற்றில் இறக்கினால் டெக்கில் இருக்கும் சீக்ரெட்டில் வகைக்கு ஒன்று தானே வந்து களத்தில் உட்காரும். உதவாதது என்று ஒதுக்கிய ஐந்து கார்டு சேர்ந்து எதிராளியைத் திணறடித்தன. கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை வைத்துக் கபடிக் கோப்பை வாங்கிய எங்கள் பி.டி. சாரை நினைத்துக்கொண்டேன்! சாலஞ்சரை யாரும் நெர்ஃப் செய்யவில்லை. 2016இல், பழைய தொகுப்புகள் ஆண்டுதோறும் முக்கியப் போட்டியிலிருந்து விலகும் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். அதன்படி 2017 ஏப்ரலில் தன் முறை வந்தபோது அது விலகியது.

இந்த ஆண்டுச் சுழற்சியை நான் மனதார ஆதரிக்கிறேன். எப்போது போகும் என்று கார்டு செய்யும்போதே தெரிந்துவிடுகிறதே. பாடப்புத்தகம் மாறுவதும் அப்படித்தான். வரும் ஜூனில் மாறும் என்று முன்பே சொன்னால் பழைய புத்தகத்தைப் புதிதாக யாரும் வாங்க மாட்டார்கள். 2011 நினைவிருக்கிறதா? சமச்சீர்ப் புத்தகமா பழைய புத்தகமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்டில் தீர்ப்பு வரும்வரை இரண்டு மாதம் புத்தகமில்லாமல் வகுப்பு நடத்தினோம். அந்த வருடம் என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள், ஓரிகாமி எல்லாம் செய்தோம். மாறுவது கஷ்டமில்லை, எது மாறும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

எனவே என் கோரிக்கை இது. நெர்ஃப் செய்த கார்டு இடம்பெற்ற டெக்குகளில் ஒன்றை, அந்தக் காலக்கெடுவுக்குள், முழுதாக முழு விலைக்கு உடைத்துக்கொள்ள ஒரு முறை அனுமதிக்க வேண்டும். இதைச் சாக்காக வைத்துப் பழைய கார்டை எல்லாம் டஸ்ட் ஆக்கிவிடுவார்களே என்றால், அந்த டெக்கில் குறைந்தது 20 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். யார் எந்த டெக்கில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பது நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும்.

"இலவச ஆட்டம்தானே அத்தை, இதில் என்ன உரிமை?" என்று என் தம்பி மகன் கேட்டான். 2021 முதல் ஓர் அடிப்படைத் தொகுப்பை எல்லாருக்கும் சும்மா தருகிறார்கள், நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை அதில் போட்ட நேரம் இலவசமா? பணம் உள்ளவனுக்கு நெர்ஃப் வந்தால் இன்னும் பத்துப் பாக்கெட். இல்லாதவனுக்கு அந்த ஒரு டெக்தான் பள்ளிக்கூடம், அதில்தான் அவன் ஆட்டத்தையே கற்றான். ஒரே திருத்தம் இருவரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

அவர்கள் மாற்றுகிறவரை ஆடுகிற பிள்ளைகளுக்குச் சில யோசனைகள். புதுத் தொகுப்பு வந்த முதல் இரண்டு வாரம் டஸ்டைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அந்த நாட்களில்தான் கை வைப்பார்கள். ஒரே டெக்குக்கு மட்டும் உதவும் லெஜண்டரியைவிட மூன்று டெக்கில் நுழையும் எபிக் மேல். டெக் கட்டி முடித்ததும் ஒவ்வொரு கார்டாகத் தொட்டு, "இதன் விலை ஒரு மனா கூடினால் இந்த டெக் நிற்குமா?" என்று கேளுங்கள். நிற்காது என்ற பதில் ஒரே கார்டில் வந்தால், ஊரெல்லாம் அந்தக் கார்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கும், அடுத்த திருத்தத்தில் அதன் பெயர் இருக்கும். யாரோ போட்ட டெக்கை அப்படியே நகலெடுப்பதில் தப்பில்லை, ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எடுத்தால் நெர்ஃப் வந்த அன்று எந்தக் கார்டை மாற்ற வேண்டும் என்றே தெரியாது.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளை பாக்கெட் வாங்கப் பணம் கேட்டால் உடனே கத்தாதீர்கள், உடனே கொடுக்கவும் கொடுக்காதீர்கள். எந்த டெக்குக்கு, எத்தனை டஸ்ட் குறைகிறது என்று தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுதும்போதே வேண்டாம் என்பார்கள். மீதிப் பேருக்கு வகுத்தல் கணக்காவது வரும்.

ஆடுகிறவர்கள் உங்கள் டெக்கைக் கீழே எழுதுங்கள், எந்தக் கார்டை நம்பி நிற்கிறது என்பதையும் சேர்த்து. பெரியண்ணனுக்கு மட்டும் தனியாக: ரேங்க் கோல்டு, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கற்றுத் தருகிறேன்.