முடிக் குளிசையோடு வராத விளக்கத் தாள்

கலியாணப் பேச்சு தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் பார்த்தது என் முன்நெற்றியைத்தான். யாழ்ப்பாண நகரில் ஒரு மருந்தகத்தில் பினாஸ்டரைட் கேட்டேன். மருந்துச் சிட்டை கேட்கவில்லை. பத்துக் குளிசைகளை வெட்டித் தந்து, "தம்பி, நாளுக்கு ஒண்டு போடுங்கோ" என்றார்கள். விளக்கத் தாள் பெட்டியோடு நின்றுவிட்டது.

அதில் இருந்திருக்க வேண்டியது என்ன? 1997 இல் அமெரிக்கா இந்த 1 மில்லிகிராம் குளிசையை வழுக்கைக்கு அனுமதித்தது. பரிசோதனைகளில் பாலியல் நாட்டம் குறைந்தோர் 1.8 சதவீதம், வெற்றுக் குளிசை எடுத்தோரில் 1.3 சதவீதம். விறைப்புக் குறைபாடு முறையே 1.3, 0.7 சதவீதம். பெரும்பாலானோருக்குப் பிரச்சினையில்லை. ஆனால் மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குப் பாதிப்பு தொடர்ந்ததாக வந்த முறைப்பாடுகள் 2012 இல் அமெரிக்க மருந்துக் குறிப்பில் சேர்க்கப்பட்டன. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணத்தையும் பக்கவிளைவாக உறுதிப்படுத்தியது.

இந்தக் கடைசி எச்சரிக்கை எங்களுக்கு முக்கியமானது. போரின் மனக்காயத்தோடு வாழ்பவர்கள் பலர். படுக்கையறைக் குறையை ஆண்கள் நண்பனிடம்கூடச் சொல்வதில்லை. மனச்சோர்வு இருந்தவர்கள் தொடங்குமுன்பே வைத்தியரிடம் சொல்லவேண்டும். இடையில் மனநிலை மாறினால் குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியரைச் சந்திக்கவேண்டும்.

பெட்டிக்குள் எச்சரிக்கை அட்டை வைக்கப்போவதாக 2024 இல் பிரித்தானியா அறிவித்தது. வெட்டி விற்கும் இடத்தில் அந்த அட்டையும் எங்கள் கைக்கு வராது. சிட்டையின்றி விற்பதைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை கவனிக்கவேண்டும். விற்பவர் இரண்டு வரி தமிழில் சொல்லவேண்டும்.

என் பத்துக் குளிசைகளும் மேசையில் கிடக்கின்றன. முதலில் வைத்தியரைப் பார்க்கப் போகிறேன்.