ஒரு விடை போதுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்)

நிரல் எழுதுவது கலை என்றால், எழுதிய நிரலைச் சோதிப்பது கடமை. அந்தக் கடமையை நாம் எப்படி நிறைவேற்றுகிறோம்? செய்முறை வகுப்பில் சி மொழியில் நிரலை எழுதுகிறோம். ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். திரையில் சரியான விடை வந்ததும் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதி, ஆசிரியரின் கையொப்பம் வாங்கிக்கொண்டு அடுத்த நிரலுக்குப் போய்விடுகிறோம். ஒரு விடை சரியாக வந்தால் நிரல் முழுவதும் சரி என்று கொள்ளும் இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

நாம் அனைவரும் எழுதிப் பழகிய லீப் ஆண்டு நிரலையே எடுத்துக்கொள்வோம். நான்கால் மீதியின்றி வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும் நிரலுக்கு 2024 கொடுத்தால் விடை சரி. 2023 கொடுத்தாலும் சரி. 1900 கொடுத்தால் குட்டு வெளிப்படும். நூற்றாண்டுகளை எல்லாம் விலக்கிவிட்டால் 1900 சரியாகும்; ஆனால் 400-ஆல் வகுபடும் 2000 தவறிப்போகும். நான்கு ஆண்டுகளையும் கொடுத்துப் பார்த்தால்தான் இந்தப் பிழைகள் எல்லாம் பிடிபடும்.

இது வகுப்பறைக்கு மட்டும் உரிய சிக்கலா? இல்லை. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 30 ஜிபி சூன் இசைக் கருவிகள் ஒரே நாளில் செயலற்று நின்றன. காரணம், அதன் கடிகாரத்தை இயக்கிய சி நிரலில் இருந்த ஒரு சுழற்சி. நாள்களின் எண்ணிக்கை 365-ஐத் தாண்டியிருக்கும் வரை அது சுழலும். லீப் ஆண்டு என்றால் 366-ஐத் தாண்டினால்தான் கழிக்கும். 2008 லீப் ஆண்டு. அன்று அதன் 366-ஆம் நாள். கழிக்கவும் வழியில்லை, வெளியேறவும் வழியில்லை. நிரல் சுற்றிக்கொண்டே இருந்தது. மின்கலம் தீரும்வரை விட்டுவிட்டு மறுநாள் இயக்குங்கள் என்பதே நிறுவனம் சொன்ன தீர்வு. 365, 366, 367 என்று மூன்று வரிச் சோதனை எழுதியிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

எங்கள் அத்திப்பட்டு வட்டாரத்தில் சரக்கு லாரிகளை நிறுத்தி எடை போடும் எடை மேடைகளை எவரும் அறிவர். அந்த மேடையின் நடுவில் ஒரே ஓர் எடையை வைத்துப் பார்த்துவிட்டு முத்திரை இடுவது முறையன்று. ஓரங்களிலும் வைக்க வேண்டும். எடையைப் படிப்படியாகக் கூட்டியும் பார்க்க வேண்டும். இரும்பு மேடைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு நாம் எழுதும் நிரலுக்கு வேண்டாமா?

"ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனிச் சோதனை எழுத நேரம் ஏது?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தன்னிடம் என்னென்ன செயற்கூறுகள் உள்ளன என்று ஓடும்போது தானே கண்டறியும் வசதி சி மொழியில் இல்லை. ஒவ்வொரு சோதனையையும் நாமே பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பத்துச் சோதனைகளைப் படியெடுத்து எழுதினால் அலுப்பும் மிஞ்சும், புதுப் பிழையும் புகும். ஒரே சுழற்சியில் அசெர்ட் கொண்டு சோதித்தாலோ முதல் தவறிலேயே நிரல் நின்றுவிடும். மற்ற வரிகளின் நிலை தெரியாது.

இதற்கு எளிய வழி உண்டு. "1900, 0", "2000, 1" என்று உள்ளீட்டையும் எதிர்பார்க்கும் விடையையும் வரிக்கு வரி ஒரு கோப்பில் எழுதுங்கள். பைத்தான் மொழியில் இருபது முப்பது வரிகளில் ஓர் உதவி நிரல் அதைப் படித்து, வரிக்கு ஒரு சோதனையாகப் பெயரிட்டு, சி கோப்பை எழுதித் தந்துவிடும். எந்த வரி தவறியது என்பது பெயரிலேயே தெரியும். யூனிட்டி என்னும் இலவசச் சோதனைத் தொகுப்பிலும் இதே வழிதான்: செயற்கூற்றின் தலைமேல் மதிப்புகளை எழுதினால், உடன் வரும் ரூபி நிரல் ஒவ்வொன்றையும் தனிச் சோதனையாக்கி அழைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எழுதும் வேலையை உதவி நிரலிடம் விடலாம்; விடையை விடலாகாது. சோதிக்கப்படும் நிரலையே ஓட்டி, அது தந்த விடையை "எதிர்பார்க்கும் விடை" என்று கோப்பில் நிரப்பினால், குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றியது போலாகும். ஆயிரம் வரிகளும் தேறும். பிழை அப்படியே இருக்கும். சோதனைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டு வாங்கும் இந்நாளில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். விடையைக் காகிதத்தில் நாமே கணக்கிட்டு, நிரலை ஓட்டும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் நிரலைப் பார்த்து "இது தவறு" என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. நம்மில் பலருடைய நிலையும் இதுதான். ஆசிரியரும் ஒரு வகுப்பில் எத்தனை பேரின் நிரலைத்தான் வரி வரியாகப் பார்க்க இயலும்? நம் பிழையை நமக்கே காட்டும் துணை அந்த அட்டவணைதான். அதற்குப் பணச் செலவும் இல்லை. ஜிசிசியும் பைத்தானும் இலவசமாகக் கிடைப்பவை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு நிரலுடனும் ஐந்து வரிச் சோதனை அட்டவணை இருக்க வேண்டும் என்று விதியுங்கள். அவற்றில் இரண்டாவது எல்லை மதிப்புகளாக இருக்கட்டும். மிகப் பெரிய எண்ணைக் காணும் நிரலுக்கு -3, -8, -5 கொடுத்துப் பார்க்கட்டும். பெரிய எண் சுழியம் என்று தொடங்கியவர்கள் தம் பிழையைத் தாமே காண்பர். அட்டவணைக்கென இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். உதவி நிரலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எழுதி, ஆய்வுக்கூடக் கணிப்பொறிகளில் வைத்துவிடலாம். வரும் பருவத்திலேயே இதைத் தொடங்க ஆவன செய்வார்கள் என நம்புகிறேன்.