சித்தத்தை அளக்கும் படி

முதுகுளத்தூர்ப் பேருந்து நிலையத்தில் வியாழக்கிழமைப் பிற்பகலில் சற்று நேரம் நின்று பார்க்கிறவர்களுக்கு, ஒருபுறம் தாயும் மறுபுறம் தாய்மாமனும் அணைத்துப் பிடித்திருக்க, மணிக்கட்டில் துண்டு சுற்றிய கையோடு, யாரையும் ஏறிட்டுப் பாராமல் தனக்குள் எதையோ முணுமுணுத்தவண்ணம் ஏர்வாடி தர்கா வண்டிக்காகக் காத்திருக்கும் ஒரு வாலிபன் என்றைக்காவது ஒரு நாள் கண்ணிற் படாமற் போகமாட்டான். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. பூக்கட்டும் அம்மாள், "காத்துக் கருப்பு அடிச்சிருக்கும்" என்கிறாள். பின்னிருக்கைப் பெரியவர், பங்காளி வீட்டுச் செய்வினையாகத்தான் இருக்கவேண்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். கல்லூரிக்குப் போகிற பையன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே "டிப்ரஷன்" என்கிறான். வண்டி கண்மாய்க்கரையைத் தாண்டுவதற்குள் நோய் நிர்ணயம் முடிந்துவிடுகிறது. அந்த வாலிபனை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள்.

இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. சித்தம் கலங்கியவனை மற்றவனிடமிருந்து பிரித்தறிய ஏதேனும் ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளாத சமூகம் உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. நம்முடைய சித்த வைத்திய மரபிலேயே, அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனக்கோளாறுகளை 18 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறிகுணங்களை வரிசைப்படுத்துகிறது. ஆகவே, குறிகுணம் வகுப்பது மேனாட்டார் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிக்கொண்டு அதனாலேயே அதைப் போற்றுவதும் பேதைமை, அதனாலேயே அதைத் தூற்றுவதும் பேதைமை. எந்தப் படியால் அளக்கிறோம், அந்தப் படி யார் கையில் இருக்கிறது என்பதே விசாரிக்கத் தக்கது.

படியே இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை எங்கள் இராமநாதபுரம் ஜில்லா ஒரு விடியற்காலையில் கண்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி, ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநல விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப வழியில்லாத 28 பேர் மாண்டார்கள். தீப்பற்றியது தர்கா அன்று என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். சுல்தான் சையத் இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா அவர்கள் அடங்கிய அந்தத் தலத்தை நாடி வந்த குடும்பங்களின் துயரத்தை மூலதனமாக்கிச் சுற்றிலும் முளைத்த விடுதிகளுள் ஒன்றே பற்றி எரிந்தது. சில தினங்களுக்குள் அப்படிப்பட்ட விடுதிகள் யாவும் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டும் தானாகவே முன்வந்து விஷயத்தைக் கையில் எடுத்தது.

அன்றுமுதல் இன்றுவரை அந்தத் துர்ச்சம்பவத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சங்கிலியைப் பற்றியே எழுதுகிறார்கள். அது நியாயமே. ஆனால் அந்தச் சங்கிலிக்கு முன்னதாகவே வேறொரு குற்றம் நிகழ்ந்திருந்தது என்பது என் அபிப்பிராயம். வலிப்புக்காரன், குடியினால் தடுமாறியவன், பிரசவத்துக்குப் பின் பேச்சற்றுப்போனவள், குரல் கேட்கிறதென்று கதறியவன், வீட்டுக்கு வேண்டாதவன் ஆகிய ஐவரும் ஐந்து வேறு மனிதர்கள், முதல் நால்வருக்கும் நான்கு வேறு பரிகாரங்கள் உண்டு, ஐந்தாமவனுக்குப் பரிகாரமே தேவையில்லை என்று பிரித்துச் சொல்லும் ஒரு கண் இல்லாத இடத்தில், எல்லாரையும் ஒன்றாக்கிவிடும் ஒரே சாதனமாகச் சங்கிலி வந்து சேர்ந்தது. நோய்க்குப் பெயர் சூட்டுவதே மனிதனை அவமதிப்பது என்று வாதிக்கிற நண்பர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

சட்டமும் இந்த இடத்தில் வெகு காலம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனக்கோளாற்றால் சிகிச்சை தேவைப்படுகிறவர் எவரோ அவரே மனநோயாளி என்று சொல்லிவிட்டு நின்றது. கோளாறு எது என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, திசையறிவு, ஞாபகம் ஆகியவற்றில் கணிசமான சீர்குலைவு ஏற்பட்டு, அதனால் ஒருவருடைய தீர்மானமோ நடத்தையோ, உண்மையை உண்மையென அறியும் சக்தியோ, அன்றாட வாழ்க்கையின் தேவைகளைச் சமாளிக்கும் திறனோ பெரிதும் பாதிக்கப்படவேண்டும் என்று வரையறுத்தது. அதன் 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் கூடாது என்று விலக்கியதைப் பலர் அறிவர். 3ஆம் பிரிவை அறிந்தவர் சிலரே; எனக்கோ அதுவே அந்தச் சட்டத்தின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் அண்மைப் பதிப்பு உட்பட, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைக் கொண்டே மனநோயை நிர்ணயிக்கவேண்டும் என்றும், ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் தம் சமூகத்தின் ஒழுக்கத்துக்கும் சமய நம்பிக்கைக்கும் இணங்கி நடக்கவில்லை என்பதை வைத்தோ அவரை மனநோயாளி என்று முத்திரையிடக் கூடாது என்றும் அது கூறுகிறது. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணைப் "புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று சொல்லிக் கட்டி இழுத்துவரும் வழக்கம் அடியோடு ஒழிந்துபோகாத சீமையில் இந்த ஒரு பிரிவு எத்தனை பெரிய அரண் என்பதை விவரிக்கவேண்டியதில்லை.

சரி, அந்த அளவுகோல்கள்தாம் என்ன? இரண்டு பெரிய நூல்கள் உண்டு. ஒன்று முன்சொன்ன உலக சுகாதார ஸ்தாபனம் ஜெனிவாவிலிருந்து வெளியிடுகிற ஐ.சி.டி.; அதன் பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் தொடங்கித் திருத்தித் திருத்தி வெளியிடுகிற டி.எஸ்.எம். இந்த அமெரிக்க நூலின்படி, ஒன்பது குறிகளில் ஐந்தேனும் இரண்டு வார காலம் தொடர்ந்து இருந்து, அவற்றுள் ஒன்று மனச்சோர்வாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தால் அது பெருஞ்சோர்வு நோய். மனச்சிதைவு என்று சொல்ல ஐ.சி.டி.க்கு ஒரு மாதக் குறிகள் போதும், டி.எஸ்.எம்.முக்கு ஆறு மாதம் வேண்டும். கடல் கடந்தால் ஒரே மனிதனுடைய நோயின் பெயர் மாறக்கூடும் என்பது விநோதந்தான். ஒருபாற் காதலை அந்த அமெரிக்கச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து 1973இல் நீக்கியது. முன்னாள் மாலைவரை நோயாளிகளாயிருந்தவர்கள் மறுநாட் காலையில் சுகதேகிகளாக எழுந்தார்கள். இவை வேதவாக்கியங்கள் அல்ல, மனிதர் கூடிப் பேசி வகுத்த படிகள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை. மனிதர் வகுத்தது என்பதாலேயே படி பொய்யாகிவிடுமா என்றால், நெல் அளக்கிற மரக்காலும் மனிதர் வகுத்ததுதான்.

இந்த நூல்களை நம்மவர்களிற் பலர் குறை கூறும்போது, அவை நம் வழக்கங்களை நோயாக்கிவிடும் என்று அஞ்சுகிறார்கள். மாசிக் களரியை எடுத்துக்கொள்வோம். சிவராத்திரி இரவில் எங்கள் பக்கத்துக் குலதெய்வக் கோயிலொன்றில் நான் பல வருஷங்களாகப் பார்த்துவரும் சாமியாடி ஒருவர், உடுக்கு ஏற ஏறக் கண் சிவந்து, தாம் யாரென்பதே மறந்து, வேல்கம்பை ஊன்றி நின்று மூன்று தலைமுறைக்கு முன் இறந்தவரின் குரலில் குறி சொல்வார். விபூதி போட்டுத் தண்ணீர் தெளித்ததும் கீழே சாய்வார். மறுநாள் காலையில் அதே மனிதர் சீமைக் கருவேலங் கட்டைகளை அடுக்கிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டு, மூட்டையின் விலையில் வியாபாரியோடு இரண்டு ரூபாய்க்காகச் சண்டையிட்டுக்கொண்டிருப்பார். இவரை ஐ.சி.டி. நோயாளி என்கிறதா? இல்லை. ஆவேச நிலை தன் விருப்பமின்றி வரவேண்டும், சமூகமோ சமயமோ ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக இருக்கக் கூடாது, வாழ்க்கைக்குத் துன்பமோ இடையூறோ விளைவிக்கவேண்டும் என்று அது தெளிவாக நிபந்தனை விதிக்கிறது. உடுக்கும் இல்லாமல், களரியும் இல்லாமல், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அடுப்படியில் அதே ஆவேசம் வந்து, வந்தது போகாமல், பிள்ளைக்குப் பாலும் கொடுக்கமாட்டாமல் கிடக்கிற பெண்ணைத்தான் அது கவனிக்கச் சொல்கிறது. களரிக்கும் அடுப்படிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எங்கள் ஊர்க் கிழவிகள் எந்த நூலும் படியாமலே அறிவார்கள். "சாமி வந்தா மலையேறணும், ஏறாட்டி அது சாமி இல்ல" என்பது அவர்கள் வகுத்த குறிகுணம்.

துக்கத்துக்கும் இப்போது வரையறை வந்துவிட்டது. நெருங்கியவரை இழந்த துயரம் ஆறாமல் நீடிப்பதை நோயாகக் கொள்ள ஐ.சி.டி. ஆறு மாதம் கெடு வைக்கிறது. 2022இல் திருத்திய டி.எஸ்.எம். பன்னிரண்டு மாதம் வைக்கிறது. சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பொங்கலும் தீபாவளியும் கிடையாது, ஆண்டுத் திதி கழிந்த பிறகே நல்ல காரியம் என்ற நம் வழக்கத்தோடு அமெரிக்கர்கள் தற்செயலாகக் கைகோத்துக்கொண்டார்கள் என்று எண்ணி நான் சிரித்துக்கொண்டதுண்டு. ஆயினும் இரண்டு நூல்களுமே, அவரவர் சமூகத்துக்கும் சமயத்துக்கும் உரிய அளவை மிஞ்சியிருக்கவேண்டும் என்ற ஷரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கின்றன. அந்த அளவை யார் சொல்வது? நூல் சொல்லாது, அந்த ஊரை அறிந்தவர்தாம் சொல்லவேண்டும்.

குறை படியில் இல்லை, அளக்கும் கையில் இருக்கிறது என்று நான் கருதுவதற்குக் காரணமான ஒரு காட்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், உறவுமுறையில் எனக்குச் சின்னம்மா ஆகவேண்டிய ஒருவரை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருந்தேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமன்று. வெளியே நீண்ட வரிசை. உள்ளே இளம் மருத்துவர் ஒருவர், அச்சிட்ட தாளைப் பார்த்து, "கடந்த இரண்டு வாரங்களில் செயல்களில் ஆர்வம் குறைந்திருந்ததா?" என்று கேட்டார். சின்னம்மா என்னைப் பார்த்தார். "ஆர்வமா? எதுலய்யா?" என்றார். மருத்துவர் சலித்துக்கொள்ளாமல், "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார். "போறேன்யா, மொளகாப் பழம் பறிக்கப் போகாட்டிக் கூலி யாரு குடுப்பா?" தாளில் இரண்டு கட்டங்கள் காலியாகவே நின்றன. வயிறு எரிகிறது, தலை கிறுகிறுக்கிறது என்று அவர் சொன்னவற்றுக்கு ஏற்ப ஒரு வயிற்று மாத்திரை எழுதித் தரப்பட்டது. திரும்பி வரும் வழியில், பேருந்து ஜன்னலைப் பார்த்தவாறே, யாரிடமும் சொல்லாததுபோல் அவர் சொன்னார்: "விடிஞ்சா அடுப்பைப் பத்தவைக்கக்கூட கை வரமாட்டேங்குதுய்யா. பத்தவைக்கிறேன், ஆனா கை என்னுது இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில், தாள் தேடிய இரண்டு குறிகளும் ஒருங்கே இருந்தன. தாள் தவறாகக் கேட்கவில்லை. சின்னம்மாவும் தவறாகச் சொல்லவில்லை. இருவருக்கும் இடையே ஒரு மொழி இல்லை; அதைத் தேடிக்கொள்ள மருத்துவருக்கு அவகாசமும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அன்றாடக் காரியம் கெடுவதே நோயின் அடையாளம் என்று நூல்கள் வைக்கிற நிபந்தனை, சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு நாள் படுத்தால் மறுநாள் உலை வைக்க முடியாதவர்கள் செத்துக்கொண்டே வேலைக்குப் போவார்கள். அவர்களை நிர்ணயிக்க, போனாயா என்று கேட்டால் போதாது. எப்படிப் போனாய் என்று கேட்கவேண்டும்.

இங்கே கோயிலையும் தர்காவையும் நவீன மருத்துவத்துக்குப் பகையாக நிறுத்துவதில் பயனில்லை. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளை, மேனாட்டார் வகுத்த அளவுகோல் ஒன்றைக் கொண்டு பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பரிசோதித்து, சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் அவர்களுடைய குறிகள் ஏறக்குறைய 20 சதவிகிதம் தணிந்திருக்கக் கண்டு, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே நோயாளிகளோடு வீட்டார் ஒருவர் கூடவே இருந்தார் என்பதைச் சேர்த்துப் படிக்கவேண்டும். ஏர்வாடியிலும் துவாவோடு மருந்தும் கிடைக்கும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது நல்ல காரியம்.

1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளிக்கு அது கிடைத்தது. 2022இல் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கே படிக்கிற பிள்ளைகளை முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் கடலாடிக்கும் அனுப்பி, மிளகாய்க் கொல்லையிலும் கரிமூட்டத்தின் ஓரத்திலும் நம் சனங்கள் தம் மனவேதனையை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று ஓர் அகராதி எழுதிவரச் செய்தால் என்ன? நெஞ்சு அடைக்குது, மனசு ஒட்டல, ஈரக்குலை நடுங்குது, கண்ணுக்குள்ள தூக்கம் வந்து நிக்குது, உள்ள இறங்கல என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை ஒவ்வொன்றும் பெருஞ்சோர்வு நோயின் அந்த ஒன்பது குறிகளில் எதைத் தொடுகிறது, எதைத் தொடாமல் நிற்கிறது என்று நிதானமாகச் சோதித்து, கூட வந்த வீட்டாரைத் தனியே அமர்த்திக் கேட்கவும் இடம் வைத்து, எங்கள் ஜில்லாவுக்கென்று ஒரு வினாத்தாள் தயாரிக்கவேண்டும். அதில் முதற் கேள்வியை எழுதும் உரிமையை எனக்குக் கொடுத்தால், "ஆத்தா, நேத்து விடிய அடுப்பைப் பத்தவைக்கக் கை வந்துச்சா?" என்று எழுதுவேன்.