சுதேசி வைத்தியக் கருவிகளும் வடசென்னை வாலிபர்களும்

2018-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், வடசென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள், விபத்தில் இரு கைகளையும் இழந்திருந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு, மூளைச் சாவடைந்த ஒருவரின் கைகளைப் பொருத்தி வெற்றி கண்டனர். பெருஞ்செல்வருக்கே எட்டக்கூடியது என்று எண்ணப்பட்டு வந்த ஒரு சிகிச்சை, ஏழைகளின் ஆஸ்பத்திரியில், ஓர் ஏழைக்கு, இலவசமாக நடந்தேறியது. அதைக் குறித்து நாடு பெருமை கொண்டது நியாயமே. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் வாயிலைக் கடந்து தினந்தோறும் இஞ்சினீயரிங் கல்லூரிக்குச் செல்லும் ராயபுரத்து வாலிபனுக்கு, அத்தகைய சிகிச்சைக்கு வேண்டிய கருவியைத் தன் கையாலேயே செய்யலாம் என்று எண்ணுவதற்கு இடமிருக்கிறதா? இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

கை அறுவைக்கென்று தனி நிலையம் ஒன்று ஸ்டான்லியில் உண்டாகி, டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர்களின் உழைப்பால் தேசப் புகழ் பெற்றது தற்செயலான காரியமன்று. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதலாகவே இப்பிரதேசம் உழைப்பாளிகளின் பிரதேசம். 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய ஸ்தாபனந்தான் பின்னர் எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் லாரிகளைச் செய்யும் அசோக் லேலண்டாக மாறியது. 1955-க்குப் பின் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. இவற்றைச் சுற்றிலும் கடைசலும் பிரஸ்ஸும் வைத்த சிறு பட்டறைகள் பல முளைத்தன. பிரஸ் இறங்கும்போது ஒரு நொடி கவனம் தவறினால் விரல் போயிற்று. அவ்விதம் நசுங்கிய விரல்களையும் அறுந்த நரம்புகளையும் தைத்துத் தைத்தே ஸ்டான்லியின் டாக்டர்கள் கைதேர்ந்தார்கள். தொழிலாளியின் துன்பமே அவர்களுக்குக் கலாசாலையாயிற்று என்றால் மிகையாகாது.

இதில் ஒரு பாதிதான் இங்கே வேரூன்றியது. மறு பாதி, அதாவது தலைமயிரிலும் மெல்லிய நரம்பைத் தைக்க உதவும் மைக்ராஸ்கோப்பு, நுண்ணிய ஊசி, நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் அளக்கும் யந்திரம், இழந்த கைக்குப் பதிலாகும் செயற்கைக் கை, இவற்றுள் பெரும்பாலானவை இன்றும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்துமே வருகின்றன. பாரதத்தில் உபயோகமாகும் வைத்தியக் கருவிகளில் 100-க்கு 70-க்குக் குறையாத பங்கு இறக்குமதி என்பது யாவரும் ஒப்புக்கொண்ட கணக்கு. இறக்குமதியை நம்பியிருப்பதன் பலன் என்ன என்பதை இருதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் விஷயத்தில் கண்டோம். ஒரு லட்ச ரூபாய்க்கும் மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டு வந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு, 2017 பிப்ரவரியில் சர்க்கார் சுமார் 29,600 ரூபாய் என்று உச்ச விலை கட்டிய பிறகுதான், அதுவரை நோயாளிகளிடம் எவ்வளவு அதிகம் கறக்கப்பட்டது என்று தேசம் உணர்ந்தது. அன்னியத் துணியின் காலத்தில் நம் பெரியோர் சொன்ன வாதம் இங்கும் அப்படியே பொருந்தும். துணியாவது கந்தலாகக் கட்டலாம். இருதய வால்வைக் கந்தலாகக் கட்ட முடியாது.

பயோமெடிக்கல் இஞ்சினீயரிங் எனப்படும் உயிர்மருத்துவப் பொறியியலையும், பயோடெக்னாலஜி எனப்படும் உயிரித் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கும் கல்லூரிகள் தமிழகத்தில் ஏராளமாகிவிட்டன. கல்லூரி பெருகியது, கற்ற வித்தையைப் பிரயோகிக்கும் இடம் பெருகவில்லை. பட்டம் பெற்று வரும் வாலிபர்களில் ஒரு சாரார் அன்னியக் கம்பெனிகளின் யந்திரங்களை ஆஸ்பத்திரிகளுக்கு விற்கும் பிரதிநிதிகளாகின்றனர். மற்றொரு சாரார் அந்த யந்திரங்களைப் பழுது பார்க்கின்றனர். எஞ்சியவர் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளுக்குப் போய், தாம் படித்ததை மறக்கின்றனர். பழுது பார்ப்பது இழிவான வேலை என்று நாம் சொல்லவில்லை. நள்ளிரவில் சுவாச யந்திரம் நின்றுபோனால் அதை ஓடச் செய்பவன் டாக்டருக்குச் சமானமானவன். ஆயினும், ஒரு தேசத்தின் இஞ்சினீயர்கள் யாவரும் பிறர் செய்ததற்குத் திருகாணி முடுக்குபவர்களாகவே இருந்துவிட்டால், அத்தேசத்து நோயாளி என்றென்றும் பிறர் குறித்த விலைக்கே உயிர் வாங்க வேண்டியவனாவான்.

நம்மவரால் முடியாது என்று சொல்வோருக்குத் திருவனந்தபுரத்தைக் காட்டுகிறோம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் அறுவை நிபுணர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் அவர்கள் சுதேசி இருதய வால்வு ஒன்றைச் செய்வதென்று துணிந்தார். இருதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் அந்த வால்வின் தட்டு திறந்து மூடவேண்டும். தேயக்கூடாது, முறியக்கூடாது, ரத்தத்தை உறையச் செய்யவும் கூடாது. முதல் மாதிரி தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதும் கைவிடப்பட்டது. பத்து வருஷங்களுக்கும் மேற்பட்ட உழைப்புக்குப் பின், நான்காவது மாதிரியே ஆட்டின் உடலில் சோதித்துத் தேறி, 1990 டிசம்பரில் முதன் முதலாக ஒரு மனிதருக்கு வைக்கப்பட்டது. அதை உற்பத்தி செய்யும் பொறுப்பை நமது சென்னையின் டி.டி.கே. ஸ்தாபனம் ஏற்றது. இறக்குமதி வால்வைவிட வெகு குறைந்த விலையில் அது பல்லாயிரம் ஏழை இருதயங்களில் இன்றும் துடிக்கிறது. வலியத்தான் அவர்கள் 2024 ஜூலையில் காலமானார்.

இவ்வெற்றியின் ரகசியம் பணம் மட்டுமன்று. மூன்று முறை தவறிய பிறகும் அந்த இஞ்சினீயர்களை எவரும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் யந்திரசாலையும் ஒரே ஸ்தாபனத்தின் இரு கைகளாக இருந்தன என்பது அடுத்தது. அறுவை செய்பவர் குறை சொன்னால், அதைச் செய்தவர் மறுநாளே கேட்கும் தூரத்தில் இருந்தார். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். அங்கே உடல் ஊனமுற்றோருக்கான கருவிகளை ஆராயும் பகுதியிலிருந்து 2019-ல் உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்கச் செய்யும் சக்கர நாற்காலியும், 2022-ல் ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலும் வெளிவந்தன. அவற்றை உபயோகிக்கப் போகிறவர்களையே கூட்டி வைத்துக்கொண்டு செய்ததால்தான் அவை காட்சிச் சாலைப் பொருள்களாகாமல் வீதிக்கு வந்தன.

உயிரித் தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பினால், பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பீமாவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை வைத்தியக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, மகாத்மாவின் அழைப்புக்கு இணங்கிக் கதர் அணிந்தார். அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அவருக்கு அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. பின்னர் அவர் அமெரிக்கா சென்றார்; திரும்பி வரவேயில்லை. 1948-ல் மறைவதற்கு முன் அவர் நடத்திய ஆராய்ச்சிசாலையிலிருந்து வெளிவந்த மருந்துகளுள் ஒன்று யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான். சாக்கடையும் கொசுவும் மிகுந்த வடசென்னைக்கு யானைக்கால் அன்னியமான நோயன்று. சென்னையில் படித்தவர் கண்ட மருந்து, அமெரிக்கா போய்ச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தது. அன்று அவரை விரட்டியது அன்னிய ஆட்சியின் அகம்பாவம் என்று சொல்லி நாம் ஆறுதல் அடையலாம். இன்று அவரைப் போன்றவரை விரட்டுவது எது? செங்கற்பட்டில் பெரும் பொருட் செலவில் எழுப்பிய தடுப்பு மருந்துத் தொழிற்சாலை, 2021-ல் கொள்ளைநோய் ஊரை வதைத்த மாதங்களிலும் உற்பத்தியே தொடங்காமல் பூட்டிக் கிடந்ததை எண்ணிப் பார்த்தால் விடை தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. சென்னை நகரின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். 1899-ல் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட் கிண்டியில், ஐ.ஐ.டி.யும் அண்ணா சர்வகலாசாலையும் அப்பக்கத்தில். டைசல் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா தரமணியில். வைத்தியக் கருவிப் பூங்கா ஒரகடத்தில். ஆராய்ச்சி என்று பெயர் பெற்றவற்றுள் பெரும்பாலானவை தெற்கேயும் தென்மேற்கேயும் போயின. அனல் மின் நிலையமும், உரத் தொழிற்சாலையும், எண்ணெய்ச் சுத்திகரிப்பும், நிலக்கரித் துறைமுகமும் வடக்கே வந்தன. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, வாளியால் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியபோதும் மீனவர்கள் படகில் சென்று கையால்தான் அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி இரவு அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினர். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரை உருவாக்கிய ஆனந்த மோகன் சக்கரவர்த்திக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் உரிமை வழங்கியது 1980-ல். அவரும் நம் நாட்டவரே. விஞ்ஞானம் அவ்வளவு தூரம் போன பின்பும் எண்ணூருக்கு எட்டியது வாளி மட்டும். எண்ணூர்க் காற்றைச் சுவாசிக்கும் குழந்தையின் நுரையீரலை வருஷா வருஷம் அளந்து வைக்கும் கருவியும், கழிமுகத்துச் சேற்றில் எந்த நுண்ணுயிர் பிழைக்கிறது என்று ஆராயும் கூடமும் வேறெங்கே இருக்க வேண்டும்?

இத்துறையில் புக விரும்பும் வாலிபருக்கும் அவருடைய பெற்றோருக்கும் மறைக்காமல் சில வார்த்தை சொல்வது பத்திரிகையின் கடமை. வழி நீண்டது. நாலு வருஷப் பட்டத்தோடு ஆராய்ச்சிக்காரராகிவிட முடியாது. அதன் மேல் எம்.டெக்., அதன் மேல் ஐந்தாறு வருஷ டாக்டர் பட்டம். கேட் பரீட்சையில் 2020 முதல் உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத்துக்கும் அதில் தாள் உண்டு. தேசியத் தகுதிப் பரீட்சைகளில் தேறி ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் மாத உதவித் தொகை 37,000 ரூபாய். கடன் வாங்கிப் படிக்க வைத்த துறைமுகத் தொழிலாளிக்கு இது சிறு தொகையன்று. ஆனால் அது மாதாமாதம் ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை என்பது தேசமெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் சொல்லும் குறை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கையில், கட்டடத்தின் உயரத்தையும் விளம்பரத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டாம். மாணவரை ஆஸ்பத்திரி வார்டுக்குள் அனுப்புகிறார்களா, பரிசோதனைச் சாலையில் யந்திரத்தைப் பிரிக்க விடுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும். கணிதத்தையும் மின்சார சாஸ்திரத்தையும் விட்டுவிட்டு உயிரியலை மட்டும் உருப்போட்டவர் இத்துறையில் முன்னேறுவது கடினம். கடைசல் பிடிக்கத் தெரிந்த தந்தையின் மகனுக்கு இங்கே ஒரு தனிச் சௌகரியம் உண்டு என்பதையும் கூறுவோம். இரும்பு எந்த இடத்தில் இழுக்கும், எந்த இடத்தில் முறியும் என்பது அவன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த விஷயம். அதைக் கேவலமாக எண்ணி மறைக்க வேண்டியதில்லை. வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் உள்ள பட்டறைக்காரர்களின் கைத்திறனை, முறையான அளவும் சோதனையும் கூட்டினால், வைத்தியக் கருவிக்குத் திருப்ப முடியாதென்பதில்லை. எல்லா வைத்தியக் கருவிகளும் 2020 ஏப்ரல் முதல் மருந்துக்குரிய சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே தரத்தை நிரூபிக்கத் தெரிந்த படித்த வாலிபனின்றிப் பட்டறை மட்டும் இத்தொழிலில் இறங்க இயலாது. பட்டறைக்கு அவன் வேண்டும். அவனுக்குப் பட்டறை வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கோருவது இது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ஒட்டி, அதன் கை அறுவை நிலையத்தோடு இணைந்த கருவி ஆராய்ச்சிசாலை ஒன்று நிறுவ வேண்டும். அங்கே டாக்டரும் இஞ்சினீயரும் கடைசல்காரரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும். மருந்துகளை வாங்கி வழங்குவதற்கென 1994-ல் ஏற்பட்ட, கருவிகளையும் வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சோதனையில் தேறிய சுதேசிக் கருவிகளை முதலில் வாங்குவோம் என்று முன்கூட்டியே உறுதி கூற வேண்டும். வாங்குவார் உண்டென்று தெரியாமல் எந்த முதலாளியும் பணம் போட மாட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் உயிர்மருத்துவ இஞ்சினீயர்களைத் தற்காலிகச் சம்பளத்தில் வைத்திராமல் நிரந்தர உத்தியோகஸ்தர்களாக்கி, வாரத்தில் ஒரு நாளையாவது ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துக்கென ஓர் உயிரித் தொழில்நுட்பப் பரிசோதனைக்கூடத்தை, அங்கே புகை விடும் தொழிற்சாலைகளின் செலவிலேயே அமைக்கச் செய்ய வேண்டும்.

நகரத்தில் இடமில்லை என்ற வழக்கமான பதிலை இவ்விஷயத்தில் நாம் ஏற்பதற்கில்லை. ராயபுரத்தில் ரயில்வேக்கு நிலமிருக்கிறது, துறைமுகத்துக்கும் நிலமிருக்கிறது. விம்கோ நகரிலிருந்து கிண்டி வரை 2021 முதல் ஒரே மெட்ரோ ரயிலில் போகலாமே, அங்கே போய்ப் படிக்கட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். அந்த ரயில் இரு திசையிலும் ஓடுகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். கிண்டியின் பேராசிரியர்கள் வாரம் இரு முறை ராயபுரத்துக்கு வரட்டும். அடுத்த பட்ஜெட்டில் இதற்கென ஒரு தொகை குறிக்கப்படுகிறதா என்று வடசென்னையின் சட்டசபை அங்கத்தினர்கள் சபையிலேயே கேட்டு, விடையைத் தொகுதி மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.