கடையில் மாஜரின் இல்லை. கேக் செய்கிற ராத்தாவிடம் பழைய விலை பேசாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. தராவீஹ் முடிந்து வந்து ஆறுதலாக வாசித்தால் போதும்.

நோன்பு தொடங்குவதற்கு முன்பிருந்தே டவுன் சுப்பர் மார்க்கட்டுகளில் அந்தக் கட்டி மாஜரின் இல்லை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கடதாசியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் கல்லு மாதிரி இருக்குமே, அது. நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே நமதூரில் பெருநாள் கேக்குக்கு அதைத்தான் போடுகிறார்கள். கம்பனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதவும் தேவையில்லை. வேறு கம்பனியின் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே நாம் கேட்போம். அது இருந்த தட்டில் இப்போது விதம் விதமான பிளாஸ்டிக் டப்பாக்கள். அதே மஞ்சள் நிறம், ஏறக்குறைய அதே விலை. விசாரித்தால் "ஸ்டொக் வரல்ல டீச்சர்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

பாணில் பூசிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. சீனிச்சம்பல் இருக்கிறது, தேங்காய்ச்சம்பல் இருக்கிறது, ஸஹருக்கு வாழைப்பழத்தோடு பாண் சாப்பிட்டாலும் நோன்பு நோன்புதான். எனது கவலை, வீட்டிலிருந்து கேக் ஓடர் எடுக்கிற நமது பெண்களைப் பற்றியது. ஒவ்வொரு குறுக்கு வீதியிலும் ஒருவராவது இருக்கிறார். கணவர் மவுத்தானவர்கள், கணவர் வெளிநாடு போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள், படித்துவிட்டு வேலை கிடைக்காத பிள்ளைகள். பலர் என்னிடம் மனைப்பொருளியல் படித்தவர்கள். மற்ற மாதங்களில் அவர்களுக்குக் கிடைப்பது பிறந்தநாள் கேக் இரண்டோ மூன்றோதான். வருடத்துக் கடனும் பிள்ளையின் டியூஷன் காசும் இரண்டு பெருநாட்களில்தான் நேராகின்றன.

சென்ற கிழமை அப்படி ஒரு பிள்ளை எனக்குக் கோல் எடுத்தது. "டீச்சர், கேக் நல்லா எழும்பி வந்து நடுவால தாழுது. அடியில களி மாதிரி இரிக்கி. நான் ஒண்டும் மாத்தல்ல." முட்டை பழையதோ, பேக்கிங் பவுடர் பிழையோ, ஓவன் சூடு காணாதோ என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. மூன்று கேக் வீண். ஒரு கேக்குக்கு ஐந்து முட்டை என்றால் பதினைந்து முட்டை குப்பைக்கு.

பிள்ளை ஒன்றையும் மாற்றவில்லைதான். மாறியது டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முன்பக்கம் எங்குமே மாஜரின் என்ற சொல் இல்லை. சின்ன எழுத்தில் "பெட் ஸ்ப்ரெட்" என்று இருந்தது. பின்பக்கம், மூக்குக் கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற அளவில், கொழுப்பு 60 வீதம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் முழுப் பிரச்சினையும் இங்கேதான் இருக்கிறது. பட்டரில் ஏறத்தாழ 80 வீதம் கொழுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். மாஜரின் என்பது பட்டருக்குப் பதிலாக வந்த பொருள். ஆகவே அதற்கும் அதே அளவுதான். கொழுப்பு 80 வீதத்துக்குக் குறைந்தால் அதை மாஜரின் என்று அழைப்பதில்லை என்பது சர்வதேச உணவுத் தரநிர்ணயமான கோடெக்ஸின் விதி. அதனால்தான் குறைந்த கொழுப்புள்ளவை "ஸ்ப்ரெட்" என்ற பெயரில் வருகின்றன. பாணில் பூசுவதற்கு அது குற்றமில்லை, இன்னும் லேசாகப் பூசலாம். ஆனால் நமது பெருநாள் கேக்கின் கணக்கு என்ன? 250 கிராம் மாஜரின், 250 கிராம் சீனி, 250 கிராம் மா, ஐந்து முட்டை. மாவு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். 80 வீத மாஜரின் என்றால் அந்த 250 கிராமில் கொழுப்பு 200 கிராம். 60 வீத ஸ்ப்ரெட் என்றால் 150 கிராம்தான். மிச்சம் 100 கிராமும் பெரும்பாலும் தண்ணீர். அதாவது பிள்ளை கேட்காமலேயே கேக்குக்குள் கால் கோப்பை அளவு தண்ணீர் கூடுதலாக ஊற்றப்பட்டிருக்கிறது. சீனியோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைத்திருப்பது கொழுப்பு. அது குறைந்து தண்ணீர் கூடினால் கேக் தாழத்தான் செய்யும்.

சூரா அல்-முதஃப்பிஃபீன் அளவையில் குறைப்பவர்களைப் பற்றியது என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தார்கள். அப்போது நமக்குத் தராசும் படிக்கல்லும்தான் ஞாபகத்துக்கு வரும். டப்பாவின் நிறையைக் குறைக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் குறைக்கவும் முடியும் என்று இப்போது தெரிகிறது. லேபலில் போட்டிருக்கிறோமே என்று அவர்கள் சொல்வார்கள், சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். ஆனால் இருபது வருடமாக ஒரு பொருள் இருந்த தட்டில், அதே நிறத்தில் வேறொன்றை வைத்துவிட்டு, வாங்குகிறவர் படித்துக்கொள்ளட்டும் என்று இருப்பது நல்ல வியாபாரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி அந்த வொய்ஸ் கட் விஷயம். ஊரின் எல்லா வட்ஸ்அப் குழுமங்களிலும் சுற்றுகிறது. பன்றிக் கொழுப்பு கண்டுபிடிக்கப்பட்டதால்தான் அந்த மாஜரினை எடுத்துவிட்டார்களாம். யார் பேசுகிறார், எந்த ஊர், எந்தப் பரிசோதனை, ஒன்றும் இல்லை. "எல்லாருக்கும் சேர் பண்ணுங்க, நன்மை கிடைக்கும்" என்று மட்டும் கடைசியில் இருக்கிறது. சூரா அல்-ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? செய்தி வந்தால் விசாரித்துக்கொள் என்பது வட்ஸ்அப்புக்குப் பொருந்தாது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லையே.

விசாரிக்க விரும்புகிறவர்களுக்கு: மாஜரின் முதலில் விலங்குக் கொழுப்பில் செய்யப்பட்டது உண்மைதான். 1869இல் பிரான்சில் மேஜ்-மூரியே என்பவர், மூன்றாம் நெப்போலியன் மலிவான பட்டர் கேட்டதற்காக, மாட்டுக் கொழுப்பிலிருந்து அதைச் செய்தார். இன்று நமது சந்தையில் வருவது பெரும்பாலும் பாம் எண்ணெயில் செய்தது. சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது இ471 என்ற எண். தண்ணீரும் கொழுப்பும் பிரியாமல் வைத்திருக்கிற பொருள் அது. தாவரத்திலிருந்தும் எடுக்கலாம், விலங்கிலிருந்தும் எடுக்கலாம், எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹலால் அத்தாட்சி தேவைப்படுவதே இப்படியான இடங்களுக்குத்தான். அந்த இலச்சினைக்காக 2013இல் இந்த நாட்டில் நாம் எவ்வளவு ஏச்சு வாங்கினோம் என்று மறந்துவிட்டதா? அவ்வளவையும் தாங்கிக்கொண்டு, இன்று அந்த இலச்சினையைத் தேடிப் பார்க்காமல் முகம் தெரியாத ஒருவரின் குரலை நம்புகிறோம். புதிதாக வந்த டப்பாக்களில் சிலவற்றில் இலச்சினை இல்லை. வொய்ஸ் கட்டைக் கேட்டுப் பழையதைத் திட்டுகிறவர்கள் அவற்றைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கூடைக்குள் போடுகிறார்கள்.

இன்னொன்று, மாஜரினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு மூலக்கூறுதான் வித்தியாசம் என்ற கதை. என் வகுப்பில் தரம் பத்துப் பிள்ளையே கேட்டது. தண்ணீருக்கும் ஐதரசன் பேரொட்சைட்டுக்கும் ஓர் ஒட்சிசன் அணுதான் வித்தியாசம், ஒன்றைக் குடிக்கிறோம், மற்றதைப் புண்ணில் போடுகிறோம் என்றேன். பிள்ளை விளங்கிக்கொண்டது. பிள்ளையின் வாப்பா விளங்கவில்லை போலும், அடுத்த நாளும் அதே வீடியோவை அனுப்பியிருந்தார்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், தினமும் தடிப்பாகப் பூசிச் சாப்பிடுகிற பொருள் இல்லை என்றுதான் சொல்வேன். பழைய காலத்தில் எண்ணெயை ஐதரசனேற்றிக் கட்டியாக்கியபோது வந்த ட்ரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதி. அதை உணவிலிருந்து 2023க்குள் இல்லாமலாக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளையும் கேட்டது. இது உண்மையான பிரச்சினை. பிளாஸ்டிக் கதையைப் பரப்பினால் இந்த உண்மையான பிரச்சினையைப் பற்றிப் பேச இடமில்லாமல் போகிறது.

பொருட்கள் தட்டிலிருந்து மறைவதற்கு நம் நாட்டில் சதி தேவையில்லை. பாம் எண்ணெய் நமது சூட்டிலும் பாதி கட்டியாக நிற்கும், மாஜரினுக்கு அதைவிட வசதியான எண்ணெய் கிடையாது. அது பெரும்பாலும் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. 2021 ஏப்ரலில் நமது அரசாங்கம் அதன் இறக்குமதிக்குத் தடை அறிவித்தது, முள்தேங்காய்த் தோட்டங்களையும் படிப்படியாகப் பிடுங்கச் சொன்னது. அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா தன் ஏற்றுமதியையே மூன்று கிழமைக்கும் மேல் நிறுத்தியது. அதே மாதங்களில் நமது ரூபா டொலருக்கு 200 இலிருந்து 360 வரை விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறக்குறைய இருநூறு கொடுத்தோம். பால்மா, காஸ், மா என்று ஒவ்வொன்றாக மறைந்ததையும், திரும்பி வந்தபோது சில பழைய அளவில் வராததையும் நாம் பார்த்தோம்தானே.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? டவுன் முழுக்கத் தேடி, பேக்கரிகளுக்குப் போகிற பெரிய பெட்டியிலிருந்து வெட்டி விற்கும் மாஜரினைக் கூடுதல் விலைக்கு வாங்கலாம். முப்பது கேக் ஓடர் என்றால் ஏழரைக் கிலோ வேண்டும். இல்லாவிட்டால் பட்டர் போடலாம், அந்த விலைக்குப் போட்டால் அவர்களுக்குக் கூலி என்று ஒன்றும் மிஞ்சாது. அல்லது தண்ணீர் டப்பாவையே போட்டு, களிக் கேக்கைக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் போனாலும் நட்டம் அவர்களுக்கு.

நாம் என்ன செய்கிறோம்? "போன பெருநாளைக்கு இந்த விலைக்குத்தானே தந்தீங்க, இப்ப என்ன கூட்டிச் சொல்றீங்க" என்று கேட்கிறோம். அதே நாம் சுப்பர் மார்க்கட்டில் காசாளரிடம் ஒரு ரூபா குறைக்கச் சொல்லிக் கேட்டதுண்டா? கொழும்புக் கடையின் கேக்கைப் பெட்டியோடு சொன்ன விலைக்கு வாங்குகிறோம். பேரம் எல்லாம் நமது தெருவில் இருக்கிற ராத்தாவிடம்தான். அதிலும் சிலர் பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் காசு கொடுக்கிறார்கள். அவரோ மாவும் முட்டையும் கடனுக்கு எடுத்தவர். மாஜரின் கம்பனி அளவையில் குறைத்தது என்று கோபப்படுகிறவர்கள், இந்த இடத்தில் யார் யாருக்குக் குறைக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே ஓடர் கொடுக்கிறவர்கள் பாதிக் காசையாவது முதலில் கொடுங்கள். அந்தக் காசில்தான் நல்ல மாஜரின் வாங்கமுடியும். விலை கட்டுப்படியாகாவிட்டால் ஒரு கிலோவுக்குப் பதிலாக அரைக் கிலோ எடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெருநாள் என்றால் பட்டர் கேக்தான் என்று ஏதும் கட்டாயமும் இல்லை. வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் கித்துல் கருப்பட்டியும் முட்டையும் போதும். தொதலுக்கும் மாஜரின் வேண்டாம். நமது உம்மும்மாமார் இந்த டப்பா ஒன்றையும் காணாமல்தான் பெருநாள் தட்டை நிறைத்தார்கள். கேக் செய்கிற பிள்ளைகளிடம் இவற்றையும் ஓடர் கேளுங்கள், அவர்களுக்கும் கை ஓடும்.

கேக் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். நெய் கையில் இருந்தால் 250 கிராம் மாஜரினுக்குப் பதிலாக 200 கிராம் நெய்யும் மூன்று மேசைக்கரண்டி பாலும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெய் முழுக்கக் கொழுப்பு, அதில் தண்ணீர் இல்லை. கொஞ்சம் குளிர வைத்துக் கட்டிப்பட்ட பிறகு சீனியோடு அடியுங்கள், உருகியிருந்தால் காற்றுப் பிடிக்காது. தேங்காயெண்ணெய் நம் சூட்டில் தண்ணியாகவே நிற்கும், இந்தக் கேக்குக்குச் சரிவராது. டப்பா வாங்குவதென்றால் பின்பக்கத்தில் கொழுப்பு எத்தனை வீதம் என்று பார்த்து, 80க்குக் கிட்ட இருப்பதை எடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கடைசியாக, எங்காவது கட்டி மாஜரினைக் கண்டால் பெட்டியோடு அள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு: உங்கள் வீட்டில் எத்தனை கேக் செய்வீர்கள்? இருப்பை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிற கடைக்காரரையோ, வேறொன்று வாங்கினால்தான் இதைத் தருவேன் என்கிறவரையோ கண்டால் 1977க்கு அழையுங்கள். அது நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அதற்கான அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. வொய்ஸ் கட் அனுப்புகிற நேரத்தில் அந்த ஒரு கோலை எடுக்கலாம்.

என் வீட்டு ஓடரை அந்த மூன்று கேக் வீணான பிள்ளையிடமே கொடுத்திருக்கிறேன். இன்னும் பத்துக் கேக் வரை எடுக்கலாம் என்று சொன்னது. விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், இலக்கம் தருகிறேன். விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதைச் சொல்லவேண்டியது அந்தப் பிள்ளை.