காசு கொடுத்து வாங்கினோம்: கடை வாசலில் நமது உரிமை



பெரிய கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் நிற்கும் செக்கியூரிட்டிக்காரர் "பில் எங்கே?" என்று கை நீட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நாமும் காட்டிவிட்டு வருகிறோம். அவர் பில்லில் ஒரு கோடு கீறுவார் அல்லது ஒரு முத்திரை குத்துவார். பெரும்பாலான நாட்களில் அதோடு காரியம் முடிந்துவிடும்.

சில நாட்களில் அப்படி முடிவதில்லை. யட்டவத்த பகுதித் தோட்டங்களில் நடந்த நமது மாதர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் பின் ஒருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். முன்னால் போன நான்கு பேரை விட்டுவிட்டு, கொழுந்துக் கறை படிந்த கையோடு போன நமது அக்காவை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொருவரின் பையிலிருந்த சாமான்களை எல்லாரும் பார்க்க மேசையில் கொட்டியிருக்கிறார்கள். பிள்ளையின் புத்தகப் பையையும் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் அகப்படவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவுமில்லை. கடைகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையோடு தீரும் விடயம் இது இல்லை என்பதே அதற்குக் காரணம்.

இது வருங்காலத்தில் கூடத்தான் செய்யும். 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகள் இலவசமாகக் கொடுக்க முடியாது என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை கட்டளையிட்டிருக்கிறது. பைக்கு விலை குறித்து அதை பில்லிலும் காட்ட வேண்டும். சூழலுக்கு இது நல்லது. நாமும் வீட்டிலிருந்தே உமல் பையையும் துணிப்பையையும் கொண்டுபோகிறோம். கடையின் பெயர் அச்சடித்த பை இல்லாமல் சொந்தப் பையோடு வெளியே வருகிறவர்மேல் காவலாளியின் கண் முதலில் விழும். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்வோம்.

முதலாவது, பில் யாருடைய கடமை? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் திகதி, அளவு, விலை எல்லாம் இருக்க வேண்டும். கடமை கடைக்காரருக்குரியது. பற்றுச்சீட்டு வாங்குகிறவரின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட ஒன்று. வாங்கியவர் அதை வாசலில் காட்டித்தான் வெளியேற வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. காசு கொடுத்த பிறகு சாமான் நம்முடையது, பில்லும் நம்முடையது. காவலாளி கேட்கலாம், நாம் காட்டலாம். அது நாம் செய்யும் ஒத்தாசை. "காட்ட விருப்பமில்லை" என்று மரியாதையாகச் சொன்னால், அந்தச் சொல் ஒன்றே களவுக்குச் சாட்சியாகிவிடாது.

இரண்டாவது, ஒருவரைத் தடுத்து வைக்க யாருக்கு அதிகாரம் உண்டு? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு சாதாரண மனிதருக்கும் கைதுசெய்யும் அதிகாரத்தைச் சில சந்தர்ப்பங்களில் கொடுக்கிறது. பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றம் ஒன்றைத் தன் கண்முன்னே செய்கிறவரைப் பிடிக்கலாம். அப்படிப்பட்ட குற்றத்தைச் செய்ததாக நியாயமான சந்தேகம் இருந்து, அவர் ஓடிக்கொண்டிருந்தால் பிடிக்கலாம். பிடித்தவர் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே ராக்கையிலிருந்து எடுத்து மடியில் மறைப்பதைக் கண்ட கடைக்காரருக்கு வழி இருக்கிறது. பில் காட்டவில்லை, சேலை பழசு, பை பெரிசு என்ற காரணங்களுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. காரணமில்லாமல் வழியை மறிப்பதும் அறையில் அடைத்து வைப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றங்கள்.

மூன்றாவது, உடம்பைத் தொட்டுச் சோதிப்பது. வாசலில் நிற்கும் தனியார் காவலாளி பொலிஸ் அல்ல. சட்டப்படி ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டி வந்தால்கூட, இன்னொரு பெண்ணே ஒழுக்கத்துக்குக் குறைவில்லாமல் அதைச் செய்ய வேண்டும் என்று அதே சட்டக்கோவை சொல்கிறது. பொலிஸுக்கே இந்த வரம்பு இருக்கும்போது கடை ஊழியர் நமது பெண்களின் மேல் கை வைக்கலாமா?

நான்காவது, ஆள் பார்த்துச் சோதிப்பது. இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தியைப் பலரும் படித்திருக்க மாட்டோம். இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற காரணங்களால் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் செல்வதில் எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கக்கூடாது என்பது அதன் கருத்து. 'கடைகள்' என்ற சொல் நாட்டின் உச்சச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாருடைய பில்லையும் பார்க்கிற கடையோடு நமக்குச் சண்டை இல்லை. தமிழ் பேசுகிறவர், தோட்டத்து ஆள் என்று பார்த்து ஒருவரை மட்டும் நிறுத்தும் கடையை நாம் கேள்வி கேட்க வேண்டும்.

சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதை 2023இல் நாடே பார்த்தது. கொழும்பு பொரளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில், பொருள் எடுத்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை ஊழியர்கள் கூடி அடிக்கும் காணொளி எல்லாத் தொலைபேசிகளிலும் ஓடியது. பொலிஸார் அந்த ஊழியர்களைக் கைதுசெய்தார்கள். அந்தப் பெண் எடுத்தாரா இல்லையா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். எடுத்திருந்தாலும் விசாரிக்கப் பொலிஸ் இருக்கிறது, தீர்ப்பளிக்க நீதிமன்றம் இருக்கிறது. அடிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

"களவெடுக்காதவருக்கு என்ன பயம்? காட்டிவிட்டு வந்தால் போச்சு" என்று நம்மிடையேயும் சிலர் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. கடைகளில் களவு போவது உண்மை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, பிள்ளை அழுகிறது, காட்டிவிட்டுப் போவது சுலபம். காட்ட வேண்டாம் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. காட்டுவதா இல்லையா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். ஆனால் உரிமை தெரிந்து காட்டுவது வேறு, பயந்து காட்டுவது வேறு. பயந்து காட்டுகிறவரிடம் அடுத்து பையைக் கேட்பார்கள், அதற்கடுத்து மடியைக் கேட்பார்கள். எங்கே நிறுத்தச் சொல்வது என்பது அவருக்குத் தெரியாது.

நமது மக்களுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். அவர்களின் கடனை எழுதிய 'துண்டு' கங்காணியின் கையில் இருந்தது. அந்தத் துண்டு தீராமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்தைக் கழுத்தில் கட்டி அனுப்பிய காலமும் இருந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. தாளைக் காட்டினால்தான் வாசல் திறக்கும் என்ற நினைப்பு மட்டும் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரோடு நடந்தார்கள். அந்த மாண்பு மேடையில் மட்டும் இருந்தால் போதாது. சீனியும் பருப்பும் வாங்கும் இடத்திலும் வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசலில் நிற்கும் செக்கியூரிட்டிக்காரர் நமது எதிரி அல்ல. பன்னிரண்டு மணித்தியாலம் காலில் நிற்கும் தொழிலாளி அவர். நமது தோட்டங்களிலிருந்து போன தம்பிமார் எத்தனை பேர் அந்தச் சீருடையில் நிற்கிறார்கள்! காசாளராக இருக்கும் தங்கச்சிமாரும் நம் லயத்துப் பிள்ளைகளே. சாமான் குறைந்தால் தங்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயத்தில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். கடை ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. காவல் சேவைக்குத் தனிச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. அவர்களுக்கும் சங்கம் வேண்டும். ஆகவே வாசலில் நிற்பவரைத் திட்டுவதில் பலன் இல்லை. உத்தரவு கொடுத்தவர் மெனேஜர். பேச வேண்டியது அவரோடுதான்.

இனி, பில்லின் மறுபக்கம். கடை நம்மைச் சந்தேகிப்பது இருக்கட்டும், நாம் கடையைச் சரிபார்க்கிறோமா? பில்லை வாசலில் காட்டுகிற நாம் அதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பதில்லை. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஒரு பால்மாப் பொதியை இரண்டு தடவை அடித்துவிட்டால், வெயிலிலும் மழையிலும் மலையேறிப் பறித்த ஒரு பேரின் பெரும் பங்கு போய்விடும். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ வெட்டினால் கணக்கப்பிள்ளையோடு வாதாடுகிற நாம், பில்லில் நூறு ரூபா கூடியதைக் கவனிப்பதில்லை. பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். அதிகார சபை நிர்ணயித்த உச்ச விலைக்கு மேல் விற்கும் தனி வியாபாரிக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரை தண்டம். கம்பனியென்றால் 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை. ஆனால் கையில் பில் இல்லாமல் முறையிடப் போனால் எதைக் காட்டுவது?

லயத்துக்கு அருகிலுள்ள சில்லறைக் கடையிலும் இதே கதைதான். கடனுக்கு வாங்குகிறோம், கொப்பியில் அவர் எழுதுகிறார், சம்பளத்தன்று அவர் சொல்வதைக் கொடுக்கிறோம். அங்கேயும் நம்மிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஒரு ரூபாய்க் கணக்கையும் இரண்டு பக்கமும் எழுதி வைத்தால் கடைக்காரருக்கும் நல்லது, நமக்கும் நல்லது, உறவும் கெடாது.

பாடசாலையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஒரு பில்லைக் கொண்டுவரச் சொல்லிக் கணக்குப் பாடம் நடத்தலாம். அம்மாவுக்கு வாசித்துக்காட்டும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். இன்று பில் வாசிக்கிற பிள்ளை நாளைக்குச் சம்பளச் சீட்டை வாசிக்கும், அடுத்த நாள் வேலை ஒப்பந்தத்தை வாசிக்கும்.

வாசலில் பிரச்சினை வந்தால் செய்ய வேண்டியவை இவை:

1. காசு கட்டிய இடத்திலேயே பில்லை வாங்கி, சாமானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு வந்து சேரும்வரை எறிய வேண்டாம்.

2. நிறுத்தினால் சத்தம் போடாமல், "எல்லாரையும் பார்க்கிறீர்களா, என்னை மட்டுமா?" என்று கேளுங்கள். மெனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

3. களவு என்று சொன்னால், "பொலிஸைக் கூப்பிடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அவசரத்துக்கு 119. தனி அறைக்குப் போக வேண்டாம். தள்ளவோ ஓடவோ வேண்டாம்.

4. உடம்பைத் தொட விட வேண்டாம். பையைத் திறந்து காட்ட நீங்கள் சம்மதித்தால், உங்கள் கையாலேயே திறந்து காட்டுங்கள்.

5. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். "இதைக் கட்டிவிட்டுப் போ" என்று கேட்கும் காசைக் கட்ட வேண்டாம்.

6. நாள், நேரம், பக்கத்தில் நின்றவர்களின் பெயர் இவற்றைக் குறித்து அன்றே தலைவர், தலைவியிடம் சொல்லுங்கள். விலை, தரம், பில் பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தை அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தடுத்து வைத்தால், கை வைத்தால் பொலிஸில் முறையிட வேண்டும்.

கடைகளிடம் நாம் கேட்பதும் பெரிய விடயமல்ல. சோதனை உண்டென்றால் உள்ளே போகும் வாசலிலேயே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிப் போடுங்கள். பார்ப்பதென்றால் எல்லாருடையதையும் பாருங்கள். பெரிய பையை உள்ளே கொண்டுவரக்கூடாதென்றால் டோக்கன் கொடுத்து வாங்கி வையுங்கள். பெண்களோடு பேசப் பெண் ஊழியர் ஒருவரை வையுங்கள். சந்தேகம் பிழையென்று தெரிந்தால், நிறுத்திய அதே இடத்தில், எல்லாரும் கேட்க மன்னிப்புக் கேளுங்கள். கூட்டத்தின் முன்னே பறித்த மானத்தைக் காதோடு திருப்பிக் கொடுக்க முடியாது.

சம்பளம் போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளை நிரப்புகிறவர்கள் நாம்தான். தனியாளாகக் கேட்டால் ஒரு வாடிக்கையாளரின் முறைப்பாடு. தோட்டக் கமிட்டிகள் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் எந்த மெனேஜரும் வாசிப்பார். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு கமிட்டியும் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசட்டும். நடந்தவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், எழுதுவதற்கு நாம் இருக்கிறோம்.